மேல்வாயில் தூவிய மாவு

பல் செட் கட்டுகிறவளுக்கு ‘செட்டக்கா’ என்று முதலில் பெயர் வைத்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டீ கொண்டுவருகிறவர் அப்படித்தான் கூப்பிட்டார். கடைசியில் அவளைப் பெற்ற அம்மாவே ஒரு நாள் வாய் தவறி “செட்டக்கா, சாப்பிட வா” என்று கூப்பிட்டுவிட்டார். அதோடு அவள் எதிர்ப்பதை விட்டுவிட்டாள்.

கீழே பல் ஆஸ்பத்திரி, மாடியில் அவளுடைய அறை. டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து மேலே அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, கிரைண்டரில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது அவள் வேலை. கல்லூரி முடித்த கையோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள், நாற்பதைத் தொடும்போதும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலுக்குத்தான் இரண்டு தடவை கால் மாற்றினார்கள்.

செட்டைக் கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் அவள் ஒரு பரீட்சை வைப்பாள். நோயாளியின் வாயில் மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, “எங்க, ‘சேச்சே, சும்மா சொன்னேன்’னு சொல்லுங்க பார்ப்போம்” என்பாள். முன்பல் இம்மி தள்ளியிருந்தாலும் அந்த வார்த்தைகளில் விசில் அடித்துவிடும். பெரிய மனிதர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், எதற்கும் சிரிக்காதவர்கள் எல்லோரும் அவள் முன்னால் உட்கார்ந்து “சேச்சே, சும்மா சொன்னேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். விசில் நிற்காத கேஸ் என்றால் செட்டின் மேல்வாய்ப் பகுதியில் சலித்த சோளமாவை மெல்லத் தூவி மாட்டிவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி, கழற்றிப் பார்ப்பாள். நாக்கு தொட்ட இடத்தில் மாவு அழிந்திருக்கும், தொடாத இடத்தில் அப்படியே இருக்கும். எங்கே தேய்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

அவளுக்குக் கல்யாணம் நடந்ததும் இந்தப் பரீட்சையால்தான். ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ள வரும் மெக்கானிக் ஒருவர், பைக்கிலிருந்து விழுந்து ஒரு முன்பல்லைப் பறிகொடுத்தார். ஒற்றைப் பல் வைத்த பிளேட் ஒன்று செய்து கொடுத்தாள். விசில் அடித்தது, தேய்த்தாள். மறுபடியும் வந்தார், மறுபடியும் தேய்த்தாள். சரியாகிவிட்டது என்று அனுப்பிய பிறகும் ஒரு நாள் வந்து நின்றார்.

“இன்னும் விசில் அடிக்குதுங்க.”

சொல்லிப் பார்க்கச் சொன்னாள். சொன்னார். சுத்தமாக இருந்தது.

“எங்கங்க விசில் வருது?”

“சேச்சே,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “சும்மா சொன்னேன்.”

இரண்டு பேருக்கும் கல்யாண வயது தாண்டிவிட்டது என்று இரண்டு வீட்டிலும் கைகழுவி விட்டிருந்தார்கள். அதனால் சம்மதிப்பதற்கு யாரும் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட்காரரின் மேல்வாய் மாடல் மட்டும் அவள் அலமாரியில் தங்கிவிட்டது. மற்ற மாடல்களை வேலை முடிந்ததும் உடைத்துக் குப்பையில் போடுவாள். இதைப் போடவில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் முழுதாகச் சேர்ந்து இருந்திருப்பார்களோ என்னவோ, லிஃப்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் வேலை தேடி அலைந்தார். போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்து மாட்டி, பிறகு அந்த மிக்ஸியையே மறுபடியும் பிரித்து மாட்டினார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அப்போதுதான் ஜெர்மன் பேசும் ஊரொன்றில் லிஃப்ட் மெக்கானிக் வேண்டுமென்று அழைப்பு வந்தது. போனார். அங்கே அவரைக் கையில் வைத்துத் தாங்காத குறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசும்போது பழைய மனிதராகச் சிரித்தார். மனைவி அவரோடு போய்ச் சேர வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனைதான். அவள் ஜெர்மன் மொழியின் முதல் பரீட்சையில் தேற வேண்டும்.

முதல் தடவை எழுதினாள். எழுதுவதிலும் படிப்பதிலும் தேறினாள். கேட்பதிலும் பேசுவதிலும் மண்ணைக் கவ்வினாள்.

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நடந்தது. வாத்தியார் அவளைவிடப் பத்து வயது இளையவர். அந்த ஊரில் ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நல்ல பிள்ளை, ஆனால் பொறுமை கொஞ்சம் குறைச்சல். தினமும் ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைகளை ஜோடி ஜோடியாகச் சொல்லி, எது எது என்று கேட்பார். ‘பெட்’ என்றால் படுக்கை, ‘பேட்’ என்றால் செடி வைக்கும் பாத்தி. இதில் செட்டக்கா புலி. குறிலையும் நெடிலையும் தாய்ப்பாலோடு குடித்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? உதட்டை ‘ஓ’ என்று குவித்து, உள்ளே ‘ஏ’ என்று சொல்ல வேண்டிய ஒலியும் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்துக் குவித்து, டீக்காரர் பயந்துபோய்த் திரும்பும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

இடித்தது ஒரே ஒரு ஜோடி. சர்ச்சுக்கு ஒரு வார்த்தை, செர்ரிப் பழத்துக்கு ஒரு வார்த்தை. பழத்தின் நடுவில் வருவது நமக்குத் தெரிந்த ‘ஷ’. சர்ச்சின் நடுவில் வருவதற்குத் தமிழில் எழுத்தே கிடையாது. ‘ஹி’ என்று சிரிக்கத் தொடங்கி, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டால் வரும் மூச்சு அது. வாத்தியார் மாற்றி மாற்றிச் சொன்னார். அவள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

வகுப்பே சிரித்தது. கல்லூரிப் பெண்கள் இருவர் பெஞ்சில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் வாத்தியார். “உங்களுக்குக் காது பத்தல.”

பழமும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன மூச்சு, அந்த மொழியில் ‘நான்’ என்னும் வார்த்தையிலேயே உட்கார்ந்திருந்தது. தன்னைப் பற்றி எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதில்தான் தொடங்க வேண்டும். அவளுக்கு ‘இஷ்’ என்றுதான் வந்தது. தப்பென்று வகுப்பு சிரித்துச் சிரித்து, வாயைத் திறந்தாலே கூச்சம் பிடுங்கித் தின்றது, மீதி வாக்கியம் தொண்டையோடு நின்றுவிட்டது. முதல் தடவை பரீட்சையில் இப்படித்தான் வாயடைத்துப் போய் எழுந்து வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் போனில் மெதுவாகச் சொன்னார்.

“விடும்மா. இன்னொரு தடவை எழுதிப் பாரு. வரலன்னா நான் கிளம்பி வந்துடறேன். அங்க ஏதாவது பார்த்துக்கலாம்.”

“என்னத்தப் பார்ப்பீங்க? மிக்ஸியவா?”

கேட்டுவிட்டாளே தவிர, போனை வைத்ததும் அழுதாள். அவர் வந்துவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. வந்து அதே நாற்காலியில், அதே முகத்தோடு உட்காருவார். அதுவும் இவளால். அலமாரியிலிருந்த மாடலைப் பார்த்து, “எதுக்கு அவ்ளோ நல்ல மனுஷனா இருக்கீங்க?” என்று திட்டினாள். மாடலுக்கு மேல்வாய் மட்டும்தான் உண்டு, பதில் சொல்ல வழியில்லை.

காது விஷயம் வெளிப்பட்டது டீக்காரரால். செட் வேகும் பாத்திரத்துக்குப் புதிதாக ஒரு டைமர் வாங்கியிருந்தார்கள். அவர் டீயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னக்கா, அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு, அணைக்க மாட்டீங்களா?”

“எது கத்துது?”

டீக்காரர் டைமரைக் காட்டினார். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் காதை அதன்மேல் ஒட்டிவைத்தாள். சத்தமே இல்லை. டீக்காரர் விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து விதவிதமான சத்தங்களை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து, கடைசியில் கிணற்றுக்குள் குதித்தது மாதிரி விழுந்திருந்தது. தாழ்ந்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, கீச்சென்ற சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் போய்விட்டன என்றார். “என்னம்மா வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டு, கிரைண்டர் என்றதும் தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார்; கொஞ்ச காலமாக நோயாளிகளின் விசிலையும் காதால் அல்ல, மாவால்தான் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றக் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் முகம் தொங்கிப்போய் வெளியே வந்திருப்பார்கள். செட்டக்கா தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். மண்டையில் ஏறவில்லை, வயதாகிவிட்டது, நமக்கெல்லாம் எதற்கு வெளிநாட்டு மொழி என்று எத்தனை நாள் தன்னைத் தானே கரித்துக் கொட்டியிருக்கிறாள்! மண்டையில் ஒரு கோளாறும் இல்லை. கதவைத் தட்டும் சத்தமே கேட்காதபோது யாருக்குப் போய்த் திறப்பது? பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் துக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இறங்குவதற்குள் அதையும் மீறி ஒரு யோசனை வந்துவிட்டது. காதில் விழாவிட்டால் போகட்டும், நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே.

அன்று மாலையே தன் வாயில் தானே அளவு எடுத்தாள். மேல்வாயோடு ஒட்டி நிற்கும் பிளேட் ஒன்று செய்து, மாவு தூவி, மாட்டிக்கொண்டு, முதலில் தெரிந்ததிலிருந்து தொடங்கினாள். ‘ல’ என்றாள். கழற்றிப் பார்த்தால் முன்பல்லுக்குப் பின்னால் மாவு அழிந்திருந்தது. ‘ள’ என்றாள், அழிந்த இடம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. ‘ழ’ என்றாள், நடுவில் மாவு அப்படியே இருக்க, ஓரங்களில் மட்டும் நாக்கு உரசிவிட்டுப் போயிருந்தது. மூன்றும் மூன்று தடம். அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் தன் தடம் மட்டும் இருந்து என்ன பயன்? சரியாகச் சொல்கிறவருடைய தடம் வேண்டும். மறுநாள் வகுப்பு முடிந்ததும் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், நீங்க சொன்னது சரிதான். எனக்கு நிஜமாவே காது பத்தல,” என்று டாக்டர் கொடுத்த படத்தை நீட்டினாள்.

வாத்தியாருக்கு அதைப் பார்த்ததும் காது மடல் வரை சிவந்துவிட்டது. “அய்யோ அக்கா, நான் ஏதோ பேச்சுக்கு…”

“அதெல்லாம் விடுங்க. உங்க வாய் எனக்கு வேணும்.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வர்றேன். ஆனா எனக்கும் ஒண்ணு செஞ்சு தரணும். எனக்கு ழ வராது. கட்டிக்கப்போற பொண்ணு பேர்லயே ழ இருக்கு. நான் கூப்பிட்டா அவ திரும்பவே மாட்டேங்கிறா.”

பேரம் படிந்தது. ஆனால் அளவு எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. வகுப்பில் விடாமல் இலக்கணம் பேசும் மனிதர், வாயில் அளவெடுக்கும் ட்ரே நுழைந்ததும் குழந்தையாகிவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்ட, குமட்டிக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிய்த்துவிடுவார்போல இருந்தார். “மூக்கால மூச்சு விடுங்க, கால் கட்டை விரலை ஆட்டுங்க,” என்று செட்டக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். கால் விரலை ஆட்டினால் குமட்டல் மறந்துபோகும் என்பது அவளுடைய பழைய வித்தை. வாத்தியார் இரண்டு காலையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

அவருக்கும் ஒரு பிளேட் தயாரானது. மாவு தூவி, செர்ரிக்கான ஜெர்மன் வார்த்தையைச் சொல்லச் சொன்னாள். மாவு முன்பல்லின் அருகே இரண்டு பக்கமும் அழிந்திருந்தது. சர்ச்சுக்கான வார்த்தையைச் சொல்லச் சொன்னாள். முன்பக்கத்து மாவு துளியும் கலையவில்லை, பின்னால் கடைவாய்ப் பக்கத்து ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். காதுக்குள் நுழையாத ஒன்று கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருந்தது. நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லோடு படுக்கப்போட்டுவிட்டு நடுமுதுகை மட்டும் தூக்க வேண்டும். செட்டக்கா அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகென்ன, காலையில் எழுந்தது முதல் பிளேட்டும் கையுமாக அலைந்தாள். தூவுவாள், சொல்லுவாள், கழற்றுவாள், பார்ப்பாள். முதலில் முன்பக்கத்து மாவெல்லாம் நாசமாகிக்கொண்டே இருந்தது. போகப் போக நாக்கு நுனி அடங்கியது. ஒரு நாள் கழற்றியபோது வாத்தியாரின் தடமும் அவள் தடமும் அச்சு அசலாக இருந்தன. பிளேட்டோடு வகுப்புக்குப் போய் ‘நான்’ என்று அந்த மொழியில் சொன்னாள். வாத்தியார் கையைத் தட்டினார்.

“இப்ப கழற்றிட்டுச் சொல்லுங்கக்கா.”

கழற்றினாள். சொன்னாள். வெறும் காற்றுதான் வந்தது. அவள் பெருமூச்சு விடுகிறாள் என்று நினைத்து அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, “என்னக்கா ஆச்சு, வீட்ல ஏதாவது பிரச்னையா?” என்று கரிசனமாகக் கேட்டாள்.

செட்டக்காவுக்கு உடனே புரிந்தது. நோயாளிகளுக்குச் செய்கிற கனத்திலேயே தனக்கும் செய்துகொண்டுவிட்டாள், பழக்கதோஷம். இத்தனை நாளும் நாக்கு பிளேட்டைத்தான் கூரையென்று நினைத்துப் பழகியிருந்தது. பிளேட்டை எடுத்ததும் கூரை உயர்ந்துவிட்டது, நாக்கு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அறைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தன் பிழையைவிட வேறொன்று உறுத்தியது. புது செட் மாட்டிக்கொண்டு பேச்சு குழறுகிறவர்களிடம் “அதெல்லாம் போகப் போகப் பழகிடும்” என்று எத்தனை சுலபமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாய்க்குள் ஒரு கூரை மாறினால் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அன்று முதல் புது செட் வாங்க வருகிறவர்களை அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசவிட்டுத்தான் அனுப்பினாள்.

பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அறையில் ஒரு சின்ன மெஷின் உண்டு. ஒளி ஊடுருவும் மெல்லிய ஷீட்டைச் சூடாக்கி மாடல்மேல் வெங்காயத் தோல் மாதிரி படியவைத்துவிடும். அதில் ஒன்று செய்தாள். வாயில் இருப்பதே தெரியவில்லை. கறுப்புத் துணியில் வைத்துப் பார்த்தால் மாவின் தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவை மாட்டிக்கொண்டு சொன்னால் அடுத்த தடவை கழற்றிவிட்டுச் சொன்னாள். நாக்கு முரண்டு பிடித்தது, திட்டினாள். பிறகு கெஞ்சினாள். ஒரு மத்தியானம் பிளேட்டே இல்லாமல் சொன்னபோது, கடைவாய் ஓரத்தில் அந்த உரசல் சரியான இடத்தில் தட்டுப்பட்டது. காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொல்லிக் காட்டினாள். அவர் “அக்கா!” என்று கத்தினார். செட்டக்காவின் ‘ழ’ தடத்தைப் பார்த்துப் பழகியிருந்தவர், பதிலுக்குத் தன் வருங்கால மனைவியின் பெயரைச் சொல்லிக் காட்டினார். ழ வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. இரண்டு பேரும் போனில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டால் யாருக்கும் இரண்டு பைத்தியங்கள் என்றுதான் தோன்றும்.

கேட்பதற்கும் ஒரு வழி பிறந்தது. தன் வாயில் அந்த வார்த்தைகளை உருட்ட உருட்ட, ‘ஷ’ வரும்போது உதடு குவிவதையும் அதனால் பக்கத்து உயிரெழுத்தின் ஒலி கொஞ்சம் கனத்து இருண்டு போவதையும் கவனித்தாள். அந்த இருட்டு தாழ்ந்த சத்தம், அது அவள் காதுக்கு எட்டியது. விருந்தாளி உள்ளே வந்ததைக் காணாவிட்டாலும் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து யாரென்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. எல்லாத் தடவையும் சரியாக இல்லை. முன்பைவிட எவ்வளவோ சரியாக இருந்தது.

பரீட்சையன்று டாக்டரின் சீட்டைக் காட்டி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கினாள். முன்பென்றால் கேட்கவே கூசியிருப்பாள். பேச்சுத் தேர்வில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எதிரில் இருந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். செட்டக்கா நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லோடு சாய்த்துக்கொண்டாள். முன்பக்கத்து மாவு கலையக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ‘நான்’ என்று தொடங்கினாள். அந்த அம்மாளின் முகம் சுளியவில்லை, தலை மட்டும் மெல்ல ஆடியது. மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் பல் செட் செய்கிறேன். நான் கல்யாணமானவள். நான் என் கணவரோடு வாழ விரும்புகிறேன். ஒவ்வொரு ‘நான்’ தாண்டும்போதும் அடுத்ததுக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்த அம்மாள் கேட்காததையும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

முடிவு தெரிந்த அன்று அறையிலிருந்தே அவருக்குப் போன் போட்டாள். குரலை வேண்டுமென்றே தொங்கவிட்டுக்கொண்டாள்.

“என்னங்க… இந்தத் தடவையும்…”

மறுபக்கத்தில் ஒரு நொடிகூட மௌனம் இல்லை. “சரி விடும்மா, போனா போகுது. நான் இங்க கம்பெனியில சொல்லி வெச்சிருக்கேன், மாசக் கடைசியில கிளம்பிடலாம். அழாத. நான் வந்துடறேன், என்ன?”

கேலி செய்ய நினைத்தவளுக்குக் கேலி மறந்துபோனது. அவர் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருக்கிறார். அந்த வேலையை, அந்தச் சிரிப்பை, எல்லாவற்றையும் மூட்டை கட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

“சேச்சே,” என்றாள், அழுகையும் சிரிப்புமாக. “சும்மா சொன்னேன்.”

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அங்கே ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அல்லது அவளாக அப்படி நினைத்துக்கொண்டாள்.

“எங்க, சொல்லிக் காட்டு.”

‘நான் வருகிறேன்’ என்று அந்த மொழியில் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னாள்.

“எனக்கே அப்படி வராதும்மா,” என்றார் லிஃப்ட்காரர். “வந்த நாளா ‘இஷ்’, ‘இஷ்’னுதான் சொல்லிக்கிட்டுத் திரியறேன். இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“அவங்க எதுக்குச் சொல்லப்போறாங்க? நான் வந்து சொல்றேன், வாயைத் திறந்து வைங்க.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து அவருடைய மாடலை எடுத்தாள். தூசியை ஊதினாள். மெஷினில் வைத்து மேலே மெல்லிய ஷீட் ஒன்றைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். ஷீட் இளகி, அவர் மேல்வாயின் மேடு பள்ளமெல்லாம் தெரிய, சத்தமில்லாமல் படிந்தது.

“அங்க என்னம்மா பண்ற?” என்று அவர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல, மூட்டை கட்டறேன்,” என்றாள். ஆறியதும் அதை எடுத்து ஓரத்தை நறுக்கி, தன்னுடையதோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டு மூடினாள்.